பச்சை டப்பாவின் மேல் ஒரு புகார்

விதி தெளிவாகவே இருக்கிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். டிப்ஸ்டிக் என்னும் அளவுகோலை உருவி, துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே செருகி, மறுபடி உருவிப் பார்க்க வேண்டும். எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தால் என்ஜின் சௌக்கியம். கீழ்க்கோட்டுக்கும் கீழே போனால் ஊற்ற வேண்டும்.

கார் கையேட்டில் இருக்கும் இந்த விதி எனக்கு மனப்பாடம். அக்கம்பக்கத்தில் புதிதாகக் கார் வாங்குகிறவர்களை நிறுத்திவைத்து ஒப்பித்தும் இருக்கிறேன். பத்திரிகையில் வரும் என் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும்... அரசு வாரியம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் தலை நரைத்தவன் நான். விதிமுறை என்றால் மற்றவர்களுக்குக் கொட்டாவி வரும். எனக்குப் பசி எடுக்கும்.

அப்படிப்பட்ட நான்தான், போன ஐப்பசியிலிருந்து மார்கழி வரை, ஒரு நிரபராதியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தேன்.

நிரபராதி மனிதர் இல்லை. ஒரு பச்சை நிற எண்ணெய் டப்பா.

ஐப்பசி மழையில் ஆரம்பித்தது எல்லாம். கோத்தகிரி மலையில், அரவேணுவில் எங்கள் வீடு ரோட்டுக்குச் சற்று மேலே இருக்கிறது. அந்த மழையில் கேட்டை ஒட்டிய தடுப்புச் சுவர் சரிந்தது. அதே வாரம் மலையிலிருந்து இறங்கும் மேட்டுப்பாளையம் ரோட்டிலும் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. சுவரைக்கூட மன்னித்துவிடலாம். ரோட்டை மன்னிக்க முடியவில்லை. என் மனைவி பத்மாவுக்குக் கோயமுத்தூரில் கண்புரை ஆபரேஷன் குறித்திருந்த நாள் அதோடு போயிற்று.

பத்மாவின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பத்தியை உங்களுக்கு முன்னால் வாசிப்பவள் அவள்தான். சிவப்புப் பேனாவோடு. கொஞ்ச காலமாக அவளுக்கு எழுத்துகள் பனிக்குள் நிற்கிற தேயிலைச் செடி மாதிரி தெரிந்தன. நான் வாசித்துக் காட்டுவேன், அவள் காதால் திருத்துவாள். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரையும் நான்தான் கிழித்து, இன்று இன்ன தேதி என்று அறிவிப்பேன். சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுந்த நாட்களில், ஒரு முறையே விழுந்ததாகப் பாவித்துச் சாப்பிட்டேன். ஓய்வூதியதாரருக்கும் சில தியாகங்கள் உண்டு.

ஆஸ்பத்திரியில் அடுத்த தேதி மார்கழியில் கிடைத்தது. அதற்குள் காருக்கு எண்ணெய் மாற்றும் கெடு வந்துவிட்டது.

சர்வீஸ் சென்டரில் வழக்கமாக ஊற்றுகிற தங்க நிற டப்பா ஸ்டாக் இல்லை. "நீங்களே வேற வாங்கிக் குடுத்தாலும் ஊத்தித் தரோம் சார்" என்றார்கள். கையேட்டைப் புரட்டினேன். குறிப்பிட்ட தரத்தில் முழு சிந்தெடிக் எண்ணெயாக இருக்க வேண்டும். ஐந்து டபிள்யூ முப்பது. முதல் எண், குளிர்ந்த காலையில் எண்ணெய் எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்பதற்கு. அடுத்த எண், என்ஜின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. பிராண்டைப் பற்றிப் பேச்சே இல்லை. தரம் பொருந்தினால் எதுவும் ஊற்றலாம்.

விதி இவ்வளவு தாராளமாக இருக்கும்போது மனிதர்கள் ஏன் சும்மா இருப்பார்கள்?

கோத்தகிரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சிவப்பு டப்பா கட்சி. "சார், நீங்க ரூல் பேசறீங்க. நான் குளிரு பேசறேன். இந்தக் குளிருக்குச் செவப்புதாங்க. மத்ததெல்லாம் காலைல வெண்ணெயா நிக்கும்."

"சிவப்பு, பச்சை இரண்டிலும் ஒரே தரம்தானே எழுதியிருக்கிறது?"

"எழுதறதுக்கென்னங்க. எங்க கடை போர்டுலகூட 'அன்பான சேவை'ன்னு எழுதியிருக்கு."

பக்கத்துத் தோட்டத்துக்காரர் போஜனிடம் கேட்டேன். நாலு தலைமுறையாகத் தேயிலை போடுகிற படுகர் குடும்பம். அவருடைய ஜீப்புக்கு வயது அவருக்கே தெரியாது. "அண்ணா, நம்ம ஜீப்பு எதை ஊத்துனாலும் குடிக்கும். பிராண்டு கேக்காது. நல்ல குணம்" என்றார்.

இந்த மலையில் இன்னொரு வேடிக்கை. கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை போட்டிருப்பவர்கள் வீட்டில், விருந்தாளிக்கு வருவது விளம்பரத்தில் பார்த்த பாக்கெட் டீ. நம் கைக்கு எட்டுகிற பொருளை நாம் நம்புவதில்லை. லேபிளை நம்புகிறோம்.

நான் முறைப்படி போனேன். தரம், தயாரித்த தேதி, சீல், கிடைக்கும் வசதி என்று மனதுக்குள் ஓர் ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். பச்சை டப்பா தேறியது. ஊற்றினார்கள். வண்டி பூனை மாதிரி ஓடியது.

அடுத்த வாரம் வாசலில் வைத்து டிப்ஸ்டிக்கை உருவினேன். எண்ணெய் கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பழைய எண்ணெய் இருந்தவரை, அதே வாசலில், ஒருநாளும் மேல்கோட்டை விட்டு இறங்கியதில்லை. ஓர் அரை டம்ளர் ஊற்றினேன். சில நாள் கழித்துப் பார்த்தால் மறுபடி குறைவு. ஒருநாள் பரவாயில்லை போல இருக்கும், மறுநாள் கோட்டுக்கும் கீழே. வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகாமல் குறைந்தால் என்ன அர்த்தம்? என்ஜின் எண்ணெயைக் குடிக்கிறது என்று அர்த்தம்.

கடைக்காரர் சொன்னார்: "செவப்புன்னேன். கேட்டீங்களா?"

டப்பா மேல் இருந்த முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பொருள், பார்வை, விவரம், வேண்டுதல் என்று பத்தி பிரித்து, எண்ணெயின் தரத்தை ஆய்வு செய்து பதில் தரும்படி. பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று. பதில் இல்லை. நினைவூட்டல் இரண்டு. என் ஆபீஸ் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து எனக்கே பதில் போடாமல் இருப்பதைப் போலத் தோன்றியது. வினை விதைத்தவன் வினை அறுப்பான்.

இதற்கு நடுவில் பத்மாவின் புகார் தனி. சரிந்த சுவரைக் கட்டுவதற்காகக் கேட்டுக்குப் பக்கத்தில் கல்லைக் குவித்திருந்தார்கள். வழக்கமாக நான் காரை ரிவர்ஸில் ஏற்றி, மூக்கு ரோட்டைப் பார்க்க நிறுத்துவேன். கல் குவியலால் அப்படித் திருப்ப இடமில்லை. நேராக ஏறி, மூக்கு வீட்டைப் பார்க்க நிறுத்தினேன்... அதுவும் கொத்தனார் கல்லை நகர்த்த நகர்த்த, ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே.

"ஏனுங்க, இந்தக் கார்க் கதவு என்னமோ ஆயிடுச்சு. தொறந்தா நிக்க மாட்டீங்குது. தானா வந்து முழங்கால்ல இடிக்குது."

"என்ஜின் பிரச்சினையே பெரிசா இருக்கு பத்மா. கதவை அப்புறம் பார்க்கலாம்."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் எண்ணெய் மறுபடி கோட்டுக்குக் கீழே. மலை இறங்கும்போது என்ஜின் வறண்டு இறுகிவிட்டால்? இந்தக் கண்ணோடு பத்மாவை வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் நிற்பதா? வாடகைக் காரிலும் போக முடியாது. வேறு யார் ஓட்டினாலும் மூன்றாவது வளைவில் பத்மாவுக்கு வாந்தி வந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லலாம் என்று செல்லை எடுத்தேன்.

"யாருக்கு?" என்றாள்.

சொன்னேன்.

 சத்தம் போடாமல்தான் கேட்டாள். "போன தடவை மழைன்னு சொன்னோமுங்க. இந்தத் தடவை என்னன்னு சொல்லுவீங்க? எண்ணெய்னா?"

செல்லைக் கீழே வைத்தேன்.

கேள்விப்பட்டு போஜன் வந்தார். "அண்ணா, நீங்க முன்னாடி போங்க. நான் ஜீப்புல பின்னாடி வரேன். உங்க வண்டி நின்னா அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன். எனக்கும் மேட்டுப்பாளையத்துல வேலை இருக்கு." அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

காலையில், எதற்கும் இருக்கட்டும் என்று, இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மிச்ச டப்பாவை டிக்கியில் வைத்தேன். பத்மா ஏறி உட்கார்ந்தாள். கதவு அவள் முழங்காலில் இடித்தது. கிளம்பினோம்.

அந்த மலைப்பாதையை எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். இவ்வளவு மெதுவாக இறங்கியதில்லை. பின்னால் போஜனின் ஜீப், சவ ஊர்வலத்துக்கு வந்த உறவினர் மாதிரி அடக்கமாக. பாதி வழியில், குஞ்சப்பனை கிராமத்தைத் தாண்டியதும் போன் வந்தது.

"அண்ணா, பயப்படாதீங்க. பின்னாடி லேசா புகை வருது."

பயப்படாதீங்க என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தைப் போலப் பயமுறுத்துவது வேறு உண்டா?

"நின்னுடலாமா?" என்றேன் பத்மாவிடம்.

"ஓடறவரைக்கும் ஓட்டுங்க" என்றாள்.

ஓடியது. மேட்டுப்பாளையம் வந்ததும் முதலில் கண்ணில் பட்ட பெட்ரோல் பங்கில் நுழைத்தேன். ஆட்டோ, லாரி எல்லாம் வந்துபோகிற அகலமான கான்கிரீட் தரை. என்ஜினை அணைத்தேன். சில நிமிடம் காத்திருந்தேன். எத்தனை பதற்றத்திலும் விதி விதிதான். டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, செருகி, உருவினேன்.

எண்ணெய் கீழ்க்கோட்டில் இல்லை. நடுவிலும் இல்லை. மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை மேலே வழவழவென்று நின்றது.

மறுபடி துடைத்துப் பார்த்தேன். அதேதான்.

போஜன் எட்டிப் பார்த்தார். "இறங்கி வரும்போது ஊறிடுச்சோ அண்ணா?"

"என்ஜினய்யா இது. கிணறு இல்ல."

பத்மா இறங்குவதற்காகக் கதவைத் திறந்தாள். திறந்த கதவு திறந்தபடியே நின்றது. அவள் அதை ஒருமுறை கையால் தள்ளிப் பார்த்தாள். விட்ட இடத்தில் நின்றது.

"பாருங்க, இங்க ஒழுங்கா நிக்குது" என்றாள். "நம்மூட்டு வாசல்லதான் வந்து இடிக்குது. முன்னாடியெல்லாம் தொறந்தாப் போதும், கையை விட்டு ஓடும். இப்ப நீங்க மூக்க மேல வெச்சு நிறுத்தறீங்க, அதான் திருப்பி அடிக்குது."

டிப்ஸ்டிக் என் கையிலேயே இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வாசலை நாங்கள் மட்டம் என்றுதான் சொல்வோம். ரோட்டோடு ஒப்பிட்டால் மட்டம்தான். தோட்டத்துச் சரிவோடு ஒப்பிட்டால் கிரிக்கெட் மைதானம். மலையில் வாழ்கிறவன் கண் அப்படிப் பழகிவிடுகிறது... நிற்க முடிகிற இடமெல்லாம் சமதளம். 'சமதளத்தில் நிறுத்தவும்' என்ற விதியை ஊருக்கெல்லாம் ஒப்பித்த நான், ஒருநாளும் காரைச் சமதளத்தில் நிறுத்திப் பார்த்ததே இல்லை.

மூக்கு கீழே பார்த்தபோது, உள்ளே இருக்கும் எண்ணெய் முன்பக்கம் ஒதுங்கி, முன்பக்கம் இருக்கும் டிப்ஸ்டிக்கை மேல்கோடுவரை நனைத்தது. மூக்கு மேலே போனதும் எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கிக் குறைவாகக் காட்டியது. கல் குவியல் நகர்ந்த தினுசுக்கெல்லாம் என் என்ஜினும் எண்ணெய் குடித்தது, விரதம் இருந்தது. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். புகை விட்டது பச்சை டப்பாவின் குற்றமல்ல. மூக்குமுட்ட ஊட்டினால் எந்த வயிறுதான் ஏப்பம் விடாது?

பங்குக்குப் பக்கத்துப் பட்டறையில் அதிகப்படி எண்ணெயைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். எடுத்தவர் அதை வெளிச்சத்தில் பார்த்து, "நல்ல ஆயிலுங்க" என்றார். என்ஜினுக்கு ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். எனக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

"அப்ப நான் கிளம்பட்டுமா அண்ணா?" என்றார் போஜன்.

"இங்க ஏதோ வேலை இருக்குன்னீங்களே?"

"முடிஞ்சுது" என்று சொல்லி ஜீப்பைத் திருப்பினார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் பத்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இத்தனை நாளா இந்தச் சட்டையவா போட்டுட்டுத் திரிஞ்சீங்க?" என்றாள். டாக்டருக்குத் திருப்தி.

பிராண்ட் கேட்டு எழுதப்போகும் வாசகர்களுக்கு: கையேட்டில் உள்ள தரம் இருந்தால் தங்கம், சிவப்பு, பச்சை எதுவும் சரி. டப்பாவைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் செலவழிக்காதீர்கள். தரையைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம் செலவழியுங்கள்.

கம்பெனிக்கு, புகாரைத் திரும்பப் பெறுவதாக ஒரு மின்னஞ்சல் போட்டேன். அதற்கும் பதில் இல்லை. அதை மறந்தும் போனேன்.

சுவர் கட்டி முடிந்து, கல் குவியல் போய், கார் பழையபடி ரோட்டைப் பார்த்து நிற்க ஆரம்பித்த பிறகு, ஒரு காலை என் செல்லில் மின்னஞ்சல் வந்த மணி அடித்தது. பத்மாவுக்கு வாசிப்பதற்கான புதுக் கண்ணாடி அன்றுதான் வந்திருந்தது. எதையாவது வாசிக்க வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தவள் செல்லை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். பொடி எழுத்து. ஓர் இடத்தில்கூடத் தடுக்காமல் வாசித்தாள்.

"அன்புள்ள வாடிக்கையாளருக்கு. தங்கள் முதல் கடிதம் கிடைத்தது. தயவுசெய்து வாகனத்தைச் சமதளத்தில் நிறுத்தி எண்ணெய் அளவைப் பார்க்கவும்."

சிரித்து முடித்ததும், "பெறப்பட்ட தேதி போடோணுமில்லீங்க உங்க வழக்கப்படி?" என்றாள். காலண்டர் பக்கம் போக நான் எழுந்தேன்.

"உக்காருங்க" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் இருந்தபடியே எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "தை ஒம்பது. வெள்ளிக்கிழமை."