மாத்திரைப் பெட்டியில் எங்கள் வரி

ஏழெட்டு வருஷம் இருக்கும். ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலைப்படியில் எனக்கு நடந்தது இது.

நான் இதே ஊரில் ஜாக்கெட் தைக்கிறவள். மூட்டு வாதம் வந்து விரலெல்லாம் வீங்கி, காலையில் எழுந்தால் கையை மூட முடியாது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் அழுதிருக்கிறேன். பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசியில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இதற்கு ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறோம், சேர்கிறீர்களா என்று கேட்டார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். எல்லாம் விளக்கிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

"ரயிலேறிப் போயி சுண்ணாம்பு உருண்டை வாங்கினு வர்றியா?" என்று என் வீட்டுக்காரருக்கு ஒரே கிண்டல்.

தினம் காலையில் ஒரு மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கட்டளை எதுவும் கிடையாது. நான் இட்லி தின்ற கையோடு போட்டுக்கொள்வேன். உடம்பில் எது நடந்தாலும் அவர்கள் கொடுத்த நோட்டில் எழுத வேண்டும். இரண்டே மாதத்தில் விரல் மடங்க ஆரம்பித்தது. அந்தச் சந்தோஷத்தில் முருகனுக்குக் காவடி வேண்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் காவடி எடுத்தால் தரிசனம் முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. மாத்திரையை விட மட்டும் எனக்கு மனசு வரவில்லை. ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படியேறினேன். பாதி தூரத்தில் வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வாந்தி, கண்ணெல்லாம் இருட்டு. விரதத்தில் தண்ணீர் குடித்தேனே, சாமி குத்தம் என்றுதான் நினைத்தேன். இதைப் போய் டாக்டரிடம் எப்படிச் சொல்வது? சொன்னதும் சோதனையிலிருந்து எடுத்துவிட்டால், என் விரல் என்னாவது? அன்றைக்கு நோட்டில் 'நலம்' என்று எழுதி மூடிவிட்டேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விசாரித்தபோதும், "நல்லாக் கீறேன்ங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் பள்ளிப்பட்டு நெசவாளர் ஒருவர், அவரும் இதே சோதனையில் இருப்பவர். பேச்சு கிருத்திகைக்குப் போனது. அவரும் விரதமாம். ஆனால் அவர்கள் வீட்டு விரதத்தில் தண்ணீர் குடிக்கலாமாம்.

"எனக்குங்கூட மாத்திரை போட்டதும் ஒரே வாந்திம்மா. நோட்ல எழுதல. நம்மளக் கழட்டி வுட்டுட்டா?" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. முருகனுக்கு என்மேல் கோபம், சரி. இவர்மேலுமா? இது சாமி குத்தம் இல்லை, வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதுதான். நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டால், நாளைக்கு இந்த மாத்திரையைச் சாப்பிடப் போகிறவர்கள் கதி?

அவரையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாக்டரம்மா திட்டவில்லை. நான் 'நலம்' என்பதைக் கிறுக்கி அழிக்கப் போனபோது மட்டும் தடுத்தார்.

"அழிக்கக் கூடாதுங்க. ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்துல நடந்தத எழுதுங்க. தப்பும் தெரியணும், சரியும் தெரியணும்."

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்களை யாரும் கழட்டி விடவில்லை. மற்ற ஊர்க்காரர்களும் இதையே சொன்னார்களாம். கொஞ்ச நாளில், சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள். சோதனை முடிந்த பிறகு எனக்கு வந்தது நிஜ மாத்திரை என்று தெரிந்தது. வீட்டுக்காரர் அதற்கப்புறம் சுண்ணாம்புப் பேச்சே எடுப்பதில்லை.

போன மாசம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக் கடையில் அந்த மருந்தைப் பெட்டியாகப் பார்த்தேன். 'உணவுக்குப் பின்' என்று அச்சடித்திருந்தது. கடைக்காரரும், "சாப்ட்டுட்டுப் போடணும்மா" என்றார்.

"ஆங், தெரியுங்க. அத சொன்னதே நாங்கதான்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்க்கட்டும்.

இன்றைக்கும் ஜாக்கெட் அளவைத் தப்பாக எழுதிவிட்டால் நான் கிறுக்கி அழிப்பதில்லை. ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியை எழுதும்போதெல்லாம், முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு நல்லது செய்த கை இது என்று எனக்கு நிஜமாகவே கர்வமாக இருக்கிறது.