ஒற்றைத் தும்மலும் ஆவி மெஷினும்

என் மனைவி தும்மினால் எங்கள் வியாபாரம் நின்றுவிடும். பட்டுச் சேலை மூட்டையோடு பெரணமல்லூர் பஸ்ஸைப் பிடிக்க நான் செருப்பை மாட்டும்போதுதான் உள்ளேயிருந்து ஒரு ‘அச்’ வரும். ஒற்றைத் தும்மல் அபசகுனமாம். அம்மா செம்புத் தண்ணீரோடு வந்து நிற்பார்.

“உக்காருடா. தண்ணி குடிச்சிட்டு அப்பறம் போ.”

“பஸ்ஸு போய்கினு இருக்கும்மா!”

“போகட்டும். பஸ்ஸுக்கு சகுனமா தெரியும்?”

மனைவி பாடுதான் பெரும்பாடு. மூக்கடைத்து, இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்கினாள். “இது நிக்கலன்னா தேவிகாபுரத்துக்கே போய்டறேன். எங்கம்மா வீட்ல மூச்சாவது விடலாம்” என்றாள்.

பழைய இலவம்பஞ்சு மெத்தையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி இருக்கும், சூடான ஆவி காட்டி, நன்றாகக் காயவையுங்கள் என்றார் வேலூர் டாக்டர். துபாயிலிருந்து வந்திருந்த மச்சான், குழாயில் ஆவி பீய்ச்சும் தன் ஸ்டீம் கிளீனரைக் கொடுத்தார்.

மெத்தை, திரைச்சீலை எதையும் நான் விடவில்லை. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “எனக்கும் சளிங்க, அந்தக் குழாய இப்படிக் கொஞ்சம் காட்டுங்களேன்” என்றார். அம்மா மட்டும் தன் தலையணையை மடியில் அணைத்துக்கொண்டார். “இட்லிய வேகவெச்சா போதும். இத வேகவெக்க வேணாம்.”

எங்களைப் போல் தறி இருக்கிற வீட்டில் ஜன்னலை விரியத் திறக்கமாட்டோம், தறியில் நீள இழுத்துக் கட்டிய பட்டுப் பாவில் தூசி படிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் ஈர மெத்தையை மூடிய அறையிலேயே போட்டுவைத்தேன். டாக்டர் சொன்னதில் பாதிதான் எனக்கு ஞாபகம் இருந்தது. சில நாளில் மெத்தையில் பூஞ்சை வாடை. நான் செருப்பை மாட்டினேன்.

“அச்! அச்!”

அம்மா முகம் மலர்ந்தது. “ரெட்டத் தும்மல்! நல்ல சகுனம்டா, ஜல்தியா கெளம்பு!”

மனைவி பையோடு வெளியே வந்தாள். “நல்ல சகுனந்தானே அத்தே? நானும் கெளம்பறேன். எங்கம்மா வீட்டுக்கு.”

மூட்டையைக் கீழே போட்டேன். வீணாய்ப்போன மெத்தையைத் தூக்கி எறிந்து புதிதாக ஒன்று வாங்கினேன். அதற்குப் பிறகு ஆவி காட்டுவதெல்லாம் மொட்டை மாடியில்தான், உச்சி வெயிலில். துணி மொறமொறவென்று காய்ந்தபிறகே வீட்டுக்குள் வரும். மனைவி மெல்ல மெல்லப் படுத்துத் தூங்க ஆரம்பித்தாள். பை பரணுக்குப் போனது.

ஒருநாள் காலை, சத்தமே இல்லாமல் நான் வாசலைத் தாண்டப் போனபோது பின்னால் ஒரு ‘அச்’. ஒற்றைதான். திரும்பினால், அம்மா!

மனைவி ஒரு கையில் செம்பும் மறு கையில் ஆவிக் குழாயுமாக வந்து நின்றாள். “உக்காருங்க அத்தே. தண்ணி குடிங்க. அந்தத் தலையணைய இப்படிக் குடுங்க.”

“அது தும்மல் இல்லம்மா, இருமல்” என்றார் அம்மா, தலையணையை நீட்டிக்கொண்டே.