செட்ரிக் கிரிம்ஷாவின் பால்கார வேஷம்

ஃப்ளீட்வுட் ஊரில் செட்ரிக் கிரிம்ஷாவைப் ‘பால்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மனுஷன் ஆயுளில் ஒரு வீட்டு வாசலிலும் பால் பாட்டில் வைத்ததில்லை. மீன் ஏலக்கூடத்தில் பெட்டிகளை எடைபோட்டே காலத்தை ஓட்டியவர். ஆனால் இளவட்டமாக இருந்தபோது ஒரே ஒரு முறை டி.வி.யில் பால்காரனாக வந்தார். அதுவும் ‘மாமியார் மாடியில்’ தொடரில்! இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அதைப் போடுகிறார்கள், நாடே உட்கார்ந்து பார்க்கிறது. ஆனால் போடுவதெல்லாம் பிற்பாடு கலரில் எடுத்தவை. ஆரம்பகாலத்துக் கறுப்பு வெள்ளை அத்தியாயங்களை நிலையத்தார் அந்தக் காலத்திலேயே அழித்துவிட்டார்கள். டேப் விலை யானை விலை என்று அதன் மேலேயே குதிரைப் பந்தயத்தைப் பதிந்துவிட்டார்களாம். செட்ரிக்கின் பால்காரனும் அதில் போய்ச் சேர்ந்தான்.

ஆதாரம் போனால் போகட்டும், வாய் இருக்கிறதே! தொழிலாளர் கிளப்பில் பீர் கோப்பையைக் கையில் எடுத்துவிட்டால் போதும், செட்ரிக் ஆரம்பித்துவிடுவார்.

“அப்பெல்லாம் வெட்டி ஒட்டுறது கிடையாது. ஆடியன்ஸை உக்கார வச்சு ஒரே மூச்சில எடுப்பாங்க. நான் கதவைத் தட்டுறேன், பெர்சி திறக்கிறான். முழிக்கிறான்! வசனம் மொத்தமும் போச்சு. வாயைத் திறந்தா குப்புனு விஸ்கி வாடை. நான் மட்டும் சமாளிக்கலேன்னா அன்னிக்குக் கப்பல் கவுந்திருக்கும்.”

பெர்சி ஹால்ஸ்டெட்தான் தொடரின் கதாநாயகன். மாமியாரிடம் மாட்டிக்கொண்டு விழிக்கும் மருமகன் வேஷம். அவரும் இந்த ஊர்க்காரர்தான். செத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லோரும் கிளப்பில் ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோதுகூட செட்ரிக் இந்தக் கதையை அவிழ்த்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பெர்சியின் மனைவியும் மகளும் பக்கத்து மேஜையில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் நிறுத்தியிருப்பாரா என்பது சந்தேகமே.

இந்த வருஷம் வந்தது வினை. ஹல் நகரில் யாரோ ஒரு சேகரிப்பாளர் இறந்துபோக, அவர் கார் கொட்டகையில் தகர டப்பாவுக்குள், டேப்பை அழிக்குமுன் நகலெடுத்த ஒரு ஃபிலிம் சுருள் கிடைத்தது. பார்த்தால், பால்காரன் வரும் அதே அத்தியாயம்! கிளப் செயலாளர் கெவின் துள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

“பால்காரரே, அடிச்சது யோகம்! சனிக்கிழமை நம்ம கிளப்பில போடுறோம். பெர்சியோட பொண்ணு ஜில்லியனும் வருது. நீங்கதான் சிறப்பு விருந்தாளி!”

வசனத்தை மறந்தது யார் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் இப்போது செட்ரிக்தான். முழங்கால் வலி என்று கட்டிலில் படுத்துப் பார்த்தார். மனைவி மேவிஸ் விடுகிறவளா?

“எழுந்திரு, நடிச்சது போதும். தெரு பூரா சொல்லிட்டேன். முடி வெட்டிக்கிட்டு வேற வந்துட்டேன்.”

சனிக்கிழமை கிளப்பில் நிற்க இடமில்லை. இறைச்சி அடைத்த ‘பை’ பலகாரமும் பட்டாணி மசியலும் தட்டு தட்டாகப் போய்க்கொண்டிருந்தன. விளக்கு அணைந்தது. திரையில் கதவு தட்டப்பட்டது. பைஜாமாவில் பெர்சி திறந்தார். வாசலில் செட்ரிக், ஒல்லியாக, காது இரண்டும் தொப்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டு. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மூடியது. மறுபடி திறந்தது. பையனின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டதுகூடத் தெரிந்தது.

பெர்சி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. பையனின் தோளில் கையைப் போட்டு உள்ளே இழுத்தார். “என்னப்பா, ஓடி வந்தியா? மூச்சு வாங்கு. மாடியில மாமியாருக்கு நீ வச்ச பால் அப்படியே இருக்குன்னு சொல்ல வந்தே. சரியா? மாமியார் உயிரோட இருக்காங்களான்னு கேக்க வந்தே. சரியா? அப்படி ஒரு நல்ல சேதியை எனக்கு அவ்வளவு சுலபமா சொல்லிட முடியுமா உன்னால!” பையன் தலையை மட்டும் ஆட்டினான். அன்றைய ஆடியன்ஸ் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி அதிர்ந்தது.

செட்ரிக்குக்கு முகம் தீயாக எரிந்தது. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. இவ்வளவு காலமும் தோளில் விழுந்து காப்பாற்றிய அந்தக் கையைத்தான் கடித்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்க நினைக்கத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. விளக்கு எரிந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் மேவிஸ் எழுந்து நின்றுவிட்டாள்.

“பாத்தீங்களா? பெர்சி குடிச்சிட்டு வந்ததால இவர்தான் திணறுற மாதிரி நடிச்சு அவருக்கு யோசிக்க நேரம் குடுத்தார். கண்ணில தண்ணி வந்துச்சே, கவனிச்சீங்களா? அதுதான் நடிப்பு!”

கிளப்பே கைதட்டியது. முன்வரிசையில் ஜில்லியன் மட்டும் தட்டவில்லை. கெவின் மைக்கைக் கொண்டுவந்து செட்ரிக் கையில் திணித்தார்.

“நான்... மறந்தது நான்தான்,” என்றார் செட்ரிக். “பெர்சி இல்ல. அவர் அன்னிக்கு ஒரு சொட்டுகூடக் குடிக்கல. நான் இத்தனை வருஷமா புளுகியிருக்கேன்.”

கொல்லென்று சிரிப்பு.

“பெருசு பின்றாரு!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

“ஐயோ, சத்தியமா சொல்றேன்...” என்று செட்ரிக் இழுத்தார். வாய் திறந்தது, மூடியது. திரையில் பார்த்த அதே முழி. கூட்டம் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. மேவிஸுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது.

அவர் மைக்கை வைத்துவிட்டு ஜில்லியனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“நீயாவது நம்பும்மா,” என்றார்.

“நம்புறேன்,” என்றாள் அவள். “நான் பிறந்த அன்னிக்கே குடியை விட்டுட்டேன்னு அப்பா அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருந்தார். அந்தப் படம் எடுக்கும்போது எனக்கு ரெண்டு வயசு. நீங்க அடக்கத்தன்னிக்கு இங்க சொன்னதைக் கேட்டுட்டு அம்மா வீட்டுக்கு வந்தாங்க. அப்பா போட்டோவைக் கழட்டி அலமாரிக்குள்ள வச்சாங்க. சாகிற வரைக்கும் வெளியில எடுக்கல.”

செட்ரிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“வேண்டாம், மிஸ்டர் கிரிம்ஷா,” என்றாள் அவள். அதட்டலாகச் சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“இன்னொரு தடவை போடு கெவின்!” என்று கூட்டம் கூச்சல் போட்டது. கெவின் விளக்கை அணைத்தார். பெர்சி கதவைத் திறந்தார். ஜில்லியன் திரும்பி உட்கார்ந்து தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். செட்ரிக் திரையை நிமிர்ந்து பார்க்கவில்லை.