கல்குவாரியில் கரண்ட் போன நேரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை, பல்லாவரம் தாண்டி ஒரு கல் மலையின் சரிவில், உடைந்த காலோடு தனியாகக் கிடந்தேன். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. தண்ணீர் பாட்டில் உருண்டுபோய், கைக்கு எட்டாத தூரத்தில் ஒரு முள்செடியில் சிக்கி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். நான் அங்கே இருப்பது ஒருவருக்கும் தெரியாது. ஏனென்றால் வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

சகோதர சகோதரிகளே, இது 1995 ஜனவரியில், பொங்கல் கழிந்த அடுத்த ஞாயிறு நடந்தது. எனக்கு வெட்கம் தரும் விஷயங்களும் இதில் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அல்லாஹ் எனக்குச் செய்த உதவி எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் யூசுப். மயிலாப்பூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. கட்டை கட்டையாக ரப்பர் புடைத்த தடித்த டயரும் கியரும் உள்ள மலை சைக்கிள்கள் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தன. அடையாறு பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் அவற்றை ரிப்பேருக்குக் கொண்டுவருவார்கள். ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தவன், ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிட்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்து என் கூட்டாளியான சேகரும் ஒன்று வாங்கினான். ஞாயிறு தோறும் விடியும்போதே கிளம்பி அந்த மலைக்குப் போவோம். மேலே தள்ளிக்கொண்டு ஏறி, கீழே விட்டுக்கொண்டு இறங்குவோம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை எனக்குத் தவறிப்போக ஆரம்பித்தது அப்படித்தான். பிறகு மற்ற நாட்களிலும் தவறியது.

என் மனைவி ரஹ்மத்துக்கு அந்த மலை என்றாலே பிடிக்காது. ஒருமுறை முழங்கை தேய்ந்து வந்ததிலிருந்து தினமும் சண்டை. அதனால் அன்றைக்கு, "பெசன்ட் நகர் பீச் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்றேன். சேகருக்குக் காய்ச்சல். வரவில்லை. தனியாகப் போனேன். தலையில் ஹெல்மெட் இல்லை. என் முன் பிரேக் ஒயரில் இரண்டு இழை பிரிந்திருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும். வேறொருவர் அந்த நிலையில் சைக்கிளைக் கொண்டுவந்திருந்தால் ஒயர் மாற்றாமல் கடையை விட்டு அனுப்பியிருக்க மாட்டேன். என்னுடையதுதானே என்று நாளைக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

இறக்கத்தில் பாதி வழியில் ஒயர் அறுந்தது. பின் பிரேக்கை அழுத்தினேன். சரளைக்கல்லில் பின்சக்கரம் வழுக்கி ஓடியது. அதற்குப் பிறகு ஞாபகம் இருப்பது வலி மட்டும்தான். பழைய குவாரி வெட்டிய ஒரு படியில் விழுந்திருந்தேன். வலது முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தோள் அசையவில்லை. சைக்கிள் என் பக்கத்திலேயே கிடந்தது.

முதலில் கத்தினேன். எட்டு மணிக்கு மலைக்கு அந்தப் பக்கம் கல் உடைக்கும் மிஷின் ஓட ஆரம்பித்தது. ஞாயிறு என்று அவர்கள் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இடது கையில் ஒரு கல்லை எடுத்து சைக்கிள் ஃப்ரேமில் தட்டினேன். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. இரும்பு நன்றாகத்தான் ஒலித்தது. கேட்க ஆளில்லை. வெயில் ஏறியது. பத்து மணிக்கு மேல் அடிக்கடி மயக்கம் வந்தது. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் ரஹ்மத் கடற்கரையில் என்னைத் தேடிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்புதான் வந்தது.

சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்ததும் மதிய லுஹர் தொழுகை நேரம் என்று தெரிந்தது. எத்தனை நாள் ஆகிவிட்டது நான் நேரத்துக்குத் தொழுது. உடம்பு முடியாதவன் படுத்தபடி கண் ஜாடையால் தொழலாம் என்று சின்ன வயதில் ஓதிக் கொடுத்திருந்தார்கள். தொழுகைக்கு முன் கழுவத் தண்ணீர் இல்லாததால் பக்கத்தில் இருந்த மண்ணில் கையைத் தட்டி முகத்தில் தடவி தயம்மும் செய்துகொண்டேன். வந்த வழியை வைத்து மக்கா இருக்கும் கிப்லா திசையைக் கணித்து, முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினேன். தொழுது முடித்து துஆ கேட்டேன். பெரிதாக ஒன்றும் வரவில்லை. "யா அல்லாஹ், நான் பொய் சொன்னேன். உன்னை மறந்தேன். என் கையால் செய்த தப்புக்குத்தான் இங்கே கிடக்கிறேன். ஒரே ஒரு ஆளை அனுப்பு" என்றேன். அழுதேன். பிறகு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டேன். இன்னும் பத்து தடவை தட்டலாம், அதற்கு மேல் முடியாது என்று தோன்றியது.

நாலாவது தட்டு தட்டும்போது மிஷின் நின்றது.

அப்படி ஒரு அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. மலையே வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. என் கல் இரும்பில் படும் ஓசை எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. மீதி பலத்தையெல்லாம் சேர்த்து விடாமல் தட்டினேன்.

மேலே ஒரு பெண் எட்டிப்பார்த்தாள். தலையில் சும்மாடு, உடம்பெல்லாம் கல் தூசி. பெயர் முனியம்மா என்று பிறகு தெரிந்தது.

"யாருய்யா அது, இன்னா ஆச்சு?" என்றாள். அடுத்து நான் கேட்காமலே, "கரண்டு பூட்ச்சி, மிஷினு நின்னுச்சி. அப்பத்தான் டிங் டிங்குன்னு கேட்டுச்சி. நா ஆடு மணின்னு நென்ச்சேன்" என்றாள்.

கரண்ட் போனதற்காக நன்றி சொன்னவன் அன்றைக்கு நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் குரல் கொடுத்ததும் இரண்டு ஆண்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார். முனியம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள். "தூக்காத. எங்கூட்டு ஆள இப்டி அள்ளிகினு போய்த்தான் இடுப்பு போச்சி. பலகை எத்தாந்து கட்டு, அப்பால தூக்கு" என்றாள். காலை இருந்த நிலையிலேயே பலகையோடு வைத்துத் தன் பழைய சேலையைக் கிழித்துக் கட்டினாள். எனக்குத் தண்ணீரை ஒரேயடியாகத் தராமல் துணியில் நனைத்து உதட்டில் வைத்தாள். லாரியில் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலை அப்படியே அள்ளி மடக்கியிருந்தால் ரத்தக்குழாய் அறுந்திருக்கும், காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஒரு ஆளைத்தான் கேட்டேன். அல்லாஹ் விவரம் தெரிந்த ஆளையே அனுப்பியிருந்தான்.

சாயங்காலம் தகவல் கிடைத்து ரஹ்மத்தோடு சேகர் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "எங்க போறேன்னு சொல்லிட்டு போயிருந்தா ஒரு மணி நேரத்துல வந்திருப்பேன் மச்சி. ஜொரத்தோட பீச்சு பூரா சுத்திகினு இருந்தேன். உன் சம்சாரம் அலைகிட்ட நின்னு அழுதுகினு இருந்துச்சு" என்றான். ரஹ்மத் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

முழங்கால் சிப்பி மூன்றாக உடைந்திருந்தது. கீழ் எலும்பிலும் விரிசல். கம்பி போட்டுத் தைத்தார்கள். பத்து நாளில் ரமலான் நோன்பு பிறந்தது. நான் கட்டிலில் கிடந்தேன். மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் விறகுக் கட்டையாக நீட்டிக்கொண்டு நின்றது. நடப்பதற்கு வேண்டிய அளவு மடங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்றார் டாக்டர். சைக்கிள் மிதிக்க முடியாது. தரையில் உட்கார முடியாது. நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்ய முடியாது.

அடையாறில் பிசியோதெரபி கொடுக்கும் ஜெயந்தி மேடத்திடம் அனுப்பினார்கள். மயிலாப்பூர் மாட வீதிக்காரர். மெலிந்த உருவம், கையில் அவ்வளவு பலம். அவர் காலை மடக்கும்போது எனக்குக் கண் இருட்டும். வீட்டில் தினமும் மூன்று வேளை நானே மடக்கிப் பழக வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். நான் செய்யவில்லை. செய்தேன் என்று சொன்னேன். பொய் என்னை இன்னும் விடவில்லை பாருங்கள்.

ஏப்ரல் மாதம் ஒருநாள் அவர் கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்கும் கோண அளவியை என் காலில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ஆத்துல பண்ணறேளா?" என்றார்.

"பண்றேன் மேடம்."

"பண்ணலை. போன வாரம் இருந்த இடத்துலயே நிக்கறது. வலிக்கறதுன்னு சொல்லுங்கோ, கேட்டுக்கறேன். பண்ணிண்டிருக்கேன்னு சொல்லாதீங்கோ. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே விட்டா அப்பறம் நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

மறுநாள் ஃபஜ்ருக்கு ஸ்டூலில் உட்கார்ந்து தொழுதேன். ரஹ்மத் பின்னால் பாயில் தொழுதாள். நான் தொழுகை முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது அவள் இன்னும் ஸஜ்தாவில் இருந்தாள். நெற்றி தரையில் இருந்தது. தோள் குலுங்கியது. என் கடையை மூன்று மாதமாக அவள்தான் திறந்துகொண்டிருந்தாள். சேகரிடம் கேட்டுக் கேட்டுப் பஞ்சர் ஒட்டப் பழகியிருந்தாள். சேலைத் தலைப்பில் கிரீஸ் கறை. இரண்டு காலும் நன்றாக இருந்தபோது நான் விட்டுவிட்ட ஸஜ்தா அது. இப்போது அதற்காக என் மனம் ஏங்கியது.

அதுவரை நான் கேட்டதெல்லாம், "யா அல்லாஹ், இந்த வலியை எடுத்துவிடு" என்பதுதான். அன்று வேறு மாதிரி கேட்டேன். "வலி இருக்கட்டும். வலியோடு இந்தக் காலை மடக்க எனக்கு மன உறுதி கொடு. ஒரே ஒரு முறையாவது என் நெற்றியைத் தரையில் வைக்க விடு."

வலி போகவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் அன்றிலிருந்து ஒருவேளை கூட நான் பயிற்சியை விடவில்லை. வெந்நீர் ஒத்தடம், பிறகு சுவரில் சாய்ந்து குதிகாலை உள்ளே இழுப்பது. பல்லைக் கடித்துக்கொண்டு இறைவனைத் துதிக்கும் தஸ்பீஹ் ஓதுவேன். ஓதி முடியும் வரை காலை விடமாட்டேன். முடியாது என்று தோன்றும்போதெல்லாம் எங்கிருந்தோ இன்னும் கொஞ்சம் பலம் வந்தது. அது என்னுடையது அல்ல. என் பலம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஜூலையில் ஊன்றி நடந்த கம்பைக் கீழே வைத்தேன். செப்டம்பரில் சைக்கிள் பெடல் ஒரு முழுச் சுற்று வந்தது. ஜெயந்தி மேடம் அளவியைப் பார்த்தார், மறுபடி வைத்துப் பார்த்தார். "டாக்டர்ட்ட நானே காட்டறேன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வருஷம் நோன்பு பிறந்த முதல் நாள், மாலை அசர் தொழுகைக்கு எங்கள் பள்ளிவாசலில் வழக்கமாகப் போடும் நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு வரிசையில் நின்றேன். குனிந்த ருகூவிலிருந்து நிமிர்ந்து, மெதுவாக இறங்கினேன். முழங்கால் எரிந்தது. மடங்கியது. நெற்றி தரையில் பட்டது. பாயின் வாசனை வந்தது. இமாம் எழுந்துவிட்டார். எனக்கு எழ மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு சேகரோடு அந்த மலைக்குப் போனேன். ரஹ்மத்திடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். முனியம்மாவைப் பார்த்து ஒரு சேலை கொடுத்தோம். "நா இன்னா பண்ணேன், கரண்டு போச்சி, கேட்டுச்சி" என்று சிரித்தாள். நான் விழுந்த வளைவிலும் வேறு இரண்டு மோசமான இடங்களிலும் பாறையில் வெள்ளைப் பெயிண்ட் அடித்தோம். இப்போது மலைக்குப் போகிற பிள்ளைகள் என் கடைக்கு வந்தால் பிரேக் ஒயரை நானே தொட்டுப் பார்க்காமல் விடுவதில்லை. ஹெல்மெட் இருக்கிறதா, கழுத்தில் விசில் இருக்கிறதா, எந்த வழியாகப் போய் எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று வீட்டில் சொன்னாயா என்று கேட்பேன். தனியாகப் போகிறவனை அனுப்ப மாட்டேன். பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும். அல்லாஹ்வை நம்புகிறவன் பிரேக்கைப் பார்க்காமல் இருக்கக் கூடாது என்று எனக்குப் புரிய ஒரு முழங்கால் தேவைப்பட்டது.

இன்று இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது. ஐந்து வேளையும் தொழுகிறேன். வீட்டில் பொய் சொல்வதில்லை. எல்லாப் புகழும் அவனுக்கே.

உங்களில் யாருக்காவது எலும்பிலோ மனதிலோ ஆறாத வலி இருந்தால், கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். எனக்குக் கேட்டபடி கிடைத்ததும் உண்டு, கேட்காத வழியில் கிடைத்ததும் உண்டு. கிடைக்காமல் போனதில்லை. தனியாகக் கேட்கத் தெம்பில்லை என்றால் கடைக்கு வாருங்கள், சேர்ந்து கேட்போம். அசர் பாங்கு சொன்னதும் பள்ளிவாசலுக்கு நடந்தே போகலாம். அவசரம் இல்லை, நானும் மெதுவாகத்தான் நடப்பேன்.