கத்தியில்லாத சளன்

கழக்கூட்டம், மழை ஓய்ந்த அந்தி. திறப்புக்குக் காத்திருக்கும் ஹோட்டலின் முகப்பில், மயிலாடிச் சிற்பி ஒருவர் ஹொய்சாளர் சின்னத்தைச் செதுக்குகிறார். குருவின் குரல் கேட்டு, பாய்ந்த சிங்கத்தைக் குத்திக் கொன்று குலத்துக்கே பெயர் தந்த சளன். அவன் கையில் கத்தி இல்லை. செதுக்காத கல்தான் இருக்கிறது.

"கத்தி எங்கே?" என்கிறேன்.

"எனக்க பெண்டாட்டி மாசமா இருக்கா, சார். பிள்ள பெறக்கது வரைக்கும் ஒண்ணையும் கொல்லப்பிடாது."

"கல் சிங்கம்தானே?"

"கண்ணு தொறந்தாச்சுல்லா!"

லாரி வெளிச்சம் படும்போதெல்லாம் ஈரச் சிங்கத்தின் வயிறு ஏறி இறங்குகிறது.

மலையாளிக் காவலாளி உள்ளிருந்து ஓடி வருகிறார். "அண்ணா, போன் வந்நு! பெண்குட்டியாணு!"

சிற்பி சிரிக்கிறார். கத்திக்கான கல்லில் உளியை வைக்கிறார், எடுத்துவிடுகிறார்.

"இது இன்னைக்கும் உயிரோட இருந்துட்டுப் போட்டும், சார்."

சிங்கத்தின் நெற்றியைத் தட்டிவிட்டு, நாகர்கோவில் பஸ்ஸுக்கு ஓடுகிறார்.