மார்லின் பரீட்சையில் பாஸான வருஷம்

எங்கள் கேன்சஸ் பக்கத்தில் விமானத்திலிருந்து பயிருக்கு மருந்தடித்தவர்களில் மார்லின் அன்ரூ மாதிரி ஓட்டியவனை நான் பார்த்ததில்லை. மின்கம்பிக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வருவான். கோதுமைக் கதிரில் சக்கரம் பட்டும் படாமலும் போகும். இருபது வருஷம் அப்படி ஓட்டினான். ஆனால் தான் ஓட்டுவது எதனால் ஆனது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றியதும் இல்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவன். அப்பன் நிலம் மூத்தவனுக்குப் போய்விட்டது. இவனுக்கு விமானி லைசென்ஸ் ஒன்றுதான் சொத்து.

1961 ஏப்ரலில் ஒரு மின்கம்பியை அறுத்துவிட்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அரசாங்கப் பரிசோதகர் வந்துவிட்டார். ஓட்டிக் காட்டச் சொல்லி, பார்த்து அசந்துபோனார். இறங்கியதும், இந்த இறக்கைக்குள்ளே என்ன இருக்கிறது என்று சாதாரணமாகத்தான் கேட்டார். மார்லின் கொஞ்சம் யோசித்துவிட்டு, "காத்துதான்" என்றான். பரிசோதகர் சிரிக்கவில்லை. விமானத்தின் கட்டுமானம் தெரியாதவன் அதில் ஏறக்கூடாது, அறுபது நாளில் மறுபடி வருவேன், அப்போதும் இதே பதில் என்றால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சிரிக்காததற்கும் சேர்த்து நாங்கள் சிரித்தோம். நான் அந்த விமானத் திடலின் மெக்கானிக், லாயிட். மறுநாளே அட்டைகளில் கொட்டை எழுத்தில் எழுதி, அவன் விமானம் முழுக்கக் கட்டித் தொங்கவிட்டேன். 'இது சக்கரம்.' 'இது கதவு.' இருக்கையின் மேல், 'இங்கே கழுதை உட்காரும்.' பத்து மணிக் காப்பிக்கு வரும் விவசாயிகள் அதைப் படிப்பதற்கென்றே சீக்கிரம் வந்தார்கள். முதலாளி டெல்பர்ட், இறக்கைக்குள் என்ன என்று கேட்பார். கூட்டம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் காத்து என்று சொல்லும். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் ராய்ஸ். இருபத்தாறு வயது, எங்களிடம் இன்னொரு விமானி, மார்லினின் தங்கை வெல்டாவைக் கட்டியவன்.

மார்லின் அட்டைகளைக்கூட அவிழ்க்கவில்லை. கொட்டகை மூலையில் துணியை உரித்துப் போட்டிருந்த பழைய இறக்கையின் பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தில் விரலை ஓட்டி வரிவரியாகப் படித்தான். நீளவாக்கில் இரண்டு மர உத்தரம். குறுக்கே விலா எலும்பு மாதிரி மெல்லிய சட்டங்கள். அதன்மேல் பருத்தித் துணி, துணியைச் சட்டத்தோடு பிடித்துத் தைத்த நூல். இறக்கையை உடலோடு சாய்வாகத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் குழாய். படித்ததை எல்லாம் தொட்டுப் பார்த்தான். ஒருநாள் என்னிடம், "இவ்வளவுதானா லாயிட்? இருபது வருஷமா இதை நம்பியா பறந்தேன்?" என்று கேட்டான். முகம் வெளுத்திருந்தது. அதையும் காப்பி நேரத்தில் நடித்துக் காட்டினேன்.

அறுபதாம் நாள் பரிசோதகர் வந்தார். எது உடைந்தால் எது போகும், துரு முதலில் எங்கே பிடிக்கும், உள்ளே சேரும் தண்ணீர் எந்தத் துளை வழியாக வடியவேண்டும் என்று கேட்கக் கேட்க மார்லின் சொல்லிக்கொண்டே போனான். இவ்வளவு தெளிவான பதிலை எந்த விமானியிடமும் கேட்டதில்லை என்று பரிசோதகர் தன் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அட்டைகளை அவிழ்க்கும்போது ஒருவரும் வேடிக்கை பார்க்க வரவில்லை.

ஜூலையில் சோளத்தில் புழு விழுந்தது. விவசாயிகள் டெல்பர்ட்டின் வாசலில் காத்துக் கிடந்தார்கள். ஒரு காலையில் மார்லின் விமானத்தை எடுக்கும் முன் இறக்கை நுனியைப் பிடித்து ஆட்டினான். பிறகு இடது தாங்குகுழாயில் காதை வைத்தான். என்னையும் வைக்கச் சொன்னான். உள்ளே தண்ணீர் அலம்பியது. குழாயின் அடியில் தண்ணீர் வடிய இருக்கும் சின்னத் துளையைப் பெயிண்ட் மூடியிருந்தது.

"உள்ள துரு தின்னிருக்கும் லாயிட். கழட்டிப் பாத்துடு."

மார்ச் மாதம் அந்தக் குழாய்க்குப் பெயிண்ட் அடித்தது நான். "ரெண்டு மாசம் புஸ்தகம் படிச்சுட்டு எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றேன்.

எங்கள் திடலில் ஒரு பழக்கம் உண்டு. மருந்தடிக்கும் பருவத்தில் எதையும் வாயால் சொல்வோம், விமானத்தின் குறிப்பேட்டில் எழுதமாட்டோம். கோளாறு என்று எழுதிவிட்டால், சரிசெய்து மெக்கானிக் கையெழுத்துப் போடும்வரை விமானம் தரையை விட்டு எழும்பக் கூடாது. மார்லின் குறிப்பேட்டைத் திறந்து பென்சிலைக் கையில் எடுத்தான். டெல்பர்ட் வந்து பக்கத்தில் நின்றார்.

"எழுது. எழுதிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடு. இந்த ஜில்லாவுல இனி எவன் உன்னைக் கூப்பிடறான்னு பாக்கறேன்."

மார்லின் பென்சிலை வைத்துவிட்டு, நான் இதை ஓட்டமாட்டேன் என்று மட்டும் சொன்னான். அப்படியானால் ராய்ஸ் எடுக்கட்டும் என்றார் டெல்பர்ட்.

மார்லின் ஓடிப்போய் ராய்ஸின் தோளைப் பிடித்தான். குழாயைக் காட்டினான், துளையைக் காட்டினான், கெஞ்சினான். ராய்ஸ் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"பரீட்சை பாஸானதுலேருந்து மச்சானுக்குத் தைரியம் ஃபெயிலாயிடுச்சு" என்றான். நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

மூன்றாவது சுற்றில், வயலின் விளிம்பில் ராய்ஸ் விமானத்தை மேலே இழுத்தபோது இடது இறக்கை புத்தகம் மூடுகிற மாதிரி மடங்கியது. நாங்கள் போய்ச் சேரும்போது விமானம் விழுந்து எரிந்துகொண்டிருந்தது, ராய்ஸைக் காப்பாற்றச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மார்லின் தீயில் கையை விட்டான். நான்தான் இழுத்துப் பிடித்தேன்.

விசாரணைக்கு அதே பரிசோதகர் வந்தார். அறுத்து வைத்த குழாயின் சுவர் காகிதம்போல் இருந்தது. துளையை மூடிப் பெயிண்ட் அடித்தது யார் என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். நாங்கள்தான் எதையும் எழுதுவதில்லையே, என் பெயிண்ட் வேலையும் எங்கும் எழுதப்படவில்லை. டெல்பர்ட் தரையைப் பார்த்தார். மார்லின் என்னைப் பார்த்தான், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை.

குழாயில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதை அவனே சொன்னான். அதிலிருந்து உனக்கு என்ன புரிந்தது என்று கேட்டார்கள். கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, ஜூனில் சொன்ன மாதிரியே ஒவ்வொன்றாக விளக்கினான். பரிசோதகர் தான் கையெழுத்துப் போட்ட அதே தாளை எடுத்து மேசையில் வைத்தார். தெரியாதவனை மன்னிக்கலாம், இவ்வளவு தெரிந்தவன் எழுதாமல் விட்டதை மன்னிக்க முடியாது என்றார். லைசென்ஸை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று.

வெளியே ராய்ஸின் மனைவி வெல்டா நின்றாள். மார்லின் அவள் பக்கம் போனான்.

"நீ அந்தப் பழைய முட்டாளாவே இருந்திருந்தா உன்ன மன்னிச்சிருப்பேன் அண்ணா" என்றாள்.

பிறகு என்னிடம் வந்தாள். அன்று தீயருகில் அவனை இழுத்துக் காப்பாற்றியவர் நீங்கள்தானாமே என்று சொல்லி, இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். மார்லின் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கையை உருவிக்கொள்ளவில்லை. பரவாயில்லை வெல்டா என்றேன்.