உப்பளத்துக்காரர் வீட்டில் உப்பில்லாத கஞ்சி

என் பிள்ளையைப் பெற்ற தகப்பன் அவளுக்குப் பிரியத்தோடு செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லையே, அது நியாயமா, என் பிடிவாதமா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

என் மகளுக்கு நான்கு வயது. உடம்பெல்லாம் இருந்த சிரங்கு ஆறிக்கொண்டு வந்தபோது முகம் வீங்கத் தொடங்கியது. காலையில் கண்ணைத் திறக்க முடியாது. மூத்திரம் கொஞ்சமாக, கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போனது. அடுத்த வீட்டிலிருக்கும் என் மதினி, கணவரின் அக்கா, அவள் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தார்.

"ஏளா, இப்பத்தான் பிள்ள உடம்பு வச்சிருக்கா. அதுக்கும் அழுவியா? பள்ளிக்கூடம் போனவளுக்கு எல்லாமே சீக்குதான்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றார். உப்பே கூடாது, தண்ணீரும் அளந்துதான். ஏன் என்று சொல்லவில்லை.

என் கணவர் உப்பளத்தில் மேஸ்திரி. பருவத்தின் முதல் உப்பை வாரியதும் ஒரு கைப்பிடி வீட்டுக்கு வரும். அன்று எல்லார் கஞ்சியிலும் அதில் ஒரு சிட்டிகை விழவேண்டும். விழாத ஆள் வீட்டுக்கு ஆகாத ஆள் என்பது இவர்கள் வழக்கம். இந்த முறை அது வந்த அன்று, நான் தண்ணீர் எடுத்துத் திரும்புவதற்குள் அவர் மகளின் கிண்ணத்திலும் போட்டுவிட்டார். சிட்டிகையோடு நிற்கவில்லை. நாக்கு செத்துக் கிடந்த பிள்ளை கேட்கக் கேட்கப் போட்டிருக்கிறார். பிறகு தாகம் என்றதும் செம்பு செம்பாகத் தண்ணீர்.

"டாக்டர் சொன்னது உங்க காதுல விழலையா?"

"நல்லா குடிச்சா, பாத்தியா? உப்பளத்துக்காரன் மவ உப்பில்லாம கிடந்தா நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"அந்த நாலு பேரா வந்து அவளுக்கு மூத்திரம் பெய்வாங்க?"

"புருசன்கிட்ட பேசுற பேச்சாளா இது?" என்றார் கஞ்சி குடிக்க வந்திருந்த மதினி.

மறுநாள் காலையில் கால்களும் வீங்கிவிட்டன. மூச்சு ஆழமாக, ஓடி வந்தவளைப் போல இழுத்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

"படிச்சவங்கதானே நீங்க? வேண்டிய உப்பையும் தண்ணியையும் வச்சுக்கிட்டு மிச்சத்த வெளியே தள்ளுறது குண்டிக்காயோட, அதான் சிறுநீரகத்தோட வேலை. அது இப்ப முடியல. உப்பு உள்ளே தங்குது, தன்னோட தண்ணியையும் பிடிச்சு வச்சுக்குது. ரத்தத்துல சேருற அமிலப் புளிப்பையும் குண்டிக்காய்தான் கழிக்கணும். கழிக்காததால மூச்சு அந்த வேலையையும் சேத்துச் செய்யுது. இளநீர்கூட கொடுக்காதீங்க, அதுல வேற ஒரு உப்பு இருக்கு, அதையும் இப்ப வெளியே தள்ள முடியாது."

உப்புப் போட்டவர் என் பக்கத்திலேயே நின்றார். டாக்டர் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையே முதல் நாள் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் என்ன? நானாவது விடாமல் கேட்டிருக்கலாமோ என்றும் தோன்றுகிறது. தோன்றியதும் கோபம் இன்னும் ஏறுகிறது. எல்லாக் கேள்வியையும் நானேதான் கேட்க வேண்டுமா?

மூச்சு இப்போது அடங்கிவிட்டது. மூத்திரமும் கொஞ்சம் தெளிந்து, அதிகமாகப் போகிறது. ஆனால் இன்னும் சில வாரம் உப்பு ஆகாது என்கிறார் டாக்டர். பிள்ளையோ கஞ்சியைத் துப்புகிறாள். நேற்று மதினி முந்தானையில் கருவாட்டுத் துண்டு முடிந்துகொண்டு வந்தார். பிடுங்கி வெளியே எறிந்தேன். அதிலிருந்து இந்த வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை.

இப்படிப் பிள்ளையை வைத்துக் காப்பாற்றியவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். உப்பில்லாத கஞ்சியை எதைச் சேர்த்து உள்ளே இறக்கினீர்கள்? பிரியத்தோடு நீளும் கையை, சண்டையில்லாமல் எப்படித் தடுத்தீர்கள்?